தனி டிஸ்க்

பாய்ச்சல் திறந்த அன்று காலையிலேயே கேள்விகள் வந்து குவிந்துவிட்டன.

டன்லப் தெருவில், பயணப் பெட்டிகள் விற்கும் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் சாயிரா பானுவும் அவள் தம்பி இம்ரானும் ஆளுக்கொரு மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். பாய்ச்சல் என்பது அவர்கள் இருவரும் சேர்ந்து தொடங்கிய தொழில். கணினியில் கூட்டமாகச் சேர்ந்து விளையாடுகிறவர்களுக்குப் பொதுவாக ஓர் இடம் வேண்டும். ஒருவர் கட்டிய வீட்டை இன்னொருவர் வந்து பார்க்கவும், ஒருவர் வெட்டிய குளத்தில் இன்னொருவர் மீன் பிடிக்கவும், அந்த உலகம் எங்கோ ஒரு கணினியில் எந்நேரமும் விழித்திருக்க வேண்டும். அப்படி விழித்திருக்கும் கணினிகளை வாடகைக்கு விடுவதுதான் தொழில். கணினிகள் துவாஸ் போகிற வழியில் ஒரு தரவு மையத்தில் இருந்தன. அவற்றைத் தேர்ந்தெடுத்து, பாகம் பாகமாகப் பூட்டி, ஓடவிட்டது முழுக்கச் சாயிரா. வாடிக்கையாளரிடம் பேசுவது இம்ரான்.

வாழ்த்துச் சொல்ல வருவார்கள் என்று நினைத்திருந்தாள் சாயிரா. பாய்ச்சலுக்காக இணையத்தில் திறந்த அரட்டைச் சேனலுக்கு வந்தவர்கள் குறுக்கு விசாரணை செய்தார்கள். சர்வருக்கென்றே செய்த ப்ராசஸரை விட்டுவிட்டு வீட்டுக் கணினியில் போடுவதை ஏன் போட்டிருக்கிறீர்கள்? தண்ணீர்க் குழாய் வைத்துக் குளிர்விக்கிறீர்களாமே, சர்வர் அறைக்குள் யாராவது தண்ணீரைக் கொண்டுபோவார்களா? இது தொழிலா, பள்ளிக்கூட ப்ராஜெக்டா? கோப்பி காவ் என்ற பெயரில் எழுதிய ஒருவர், ஒவ்வொரு கேள்விக்குக் கீழேயும் வந்து சிரிக்கும் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார்.

"லாத்தா, நீங்களே பதில் போடுங்க. ப்ராசஸர் பத்தி நான் பேசினா மாட்டிக்குவேன்" என்று அக்காவிடம் சொன்னான் இம்ரான்.

சாயிரா நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டாள். அவளுக்கு இது பிடித்திருந்தது. ஒரு வங்கியின் சர்வர் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் அவள். அங்கே கூட்டங்களில் அவள் சொன்னது எதுவும் எடுபடாது. அதையே பக்கத்து நாற்காலிக்காரர் கொஞ்சம் உரக்கச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். இங்கே அவளுக்கும் கேள்வி கேட்பவர்களுக்கும் நடுவில் யாரும் இல்லை.

"பரோட்டா கடைக்குப் போறீங்க. கல்லு ஒண்ணுதான் இருக்கு" என்று சேனலில் எழுதினாள். "மெதுவா போடுற மாஸ்டர் பத்துப் பேர் வேணுமா, வேகமா போடுற மாஸ்டர் ஒருத்தர் போதுமா? இந்த கேமும் அப்படித்தான்லா. எல்லா வேலையும் ஒரே ஆள் தலையிலதான் விழும். சர்வர் ப்ராசஸர்ல ஆள் அதிகம், வேகம் கம்மி. எனக்கு அந்த ஒரு ஆள் வேகமா இருக்கணும். அவ்ளோ வேகமா ஓடினா சூடாகும், அதுக்குத்தான் தண்ணி. சீல் பண்ணி வர்ற செட். நம்பாதவங்க வந்து ஓட்டிப் பாருங்க."

இலவசமாக ஓர் உலகத்தைத் திறந்தும் விட்டாள். கூட்டம் உள்ளே பாய்ந்தது. ஆட்கள் சேரச் சேர மற்ற இடங்களில் எல்லாம் திக்கித் திணறும் விளையாட்டு, இங்கே வழுக்கிக்கொண்டு ஓடியது. மதியத்துக்குள் கோப்பி காவ் திரும்பி வந்து, "ஓகே. ஃபாஸ்ட்" என்று எழுதினார். இம்ரான் மேசையைத் தட்டிக் கூவினான். கீழே பயணப்பெட்டிக் கடைக்காரர் என்னவோ ஏதோவென்று படியேறி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அந்த ஆரவாரத்துக்கு நடுவில் தமிழில் ஒரு கேள்வி வந்திருந்தது. கேட்டவர் தன் சொந்தப் பெயரிலேயே எழுதியிருந்தார். மருதப்பன்.

"வணக்கம். காப்புப் பிரதி எடுப்பதாகப் போட்டிருக்கிறீர்கள். அது அதே கணினிக்குள் இருக்குமா, வேறு இடத்தில் இருக்குமா?"

இம்ரான் பதில் போட்டான்: "டெய்லி பேக்கப் எடுக்கிறோம் அங்கிள். கவலையே வேணாம்."

சிறிது நேரத்தில் மறுபடியும் வந்தது. "மிக்க நன்றி தம்பி. எங்கே இருக்கும் என்பதுதான் என் கேள்வி."

சாயிரா அதைப் படித்தாள். "அவர் கேட்டது வேறடா" என்றாள்.

"தெரியும். என்ன சொல்றது? அதே சர்வர் பெட்டிக்குள்ள ரெண்டாவது டிஸ்க்ல இருக்குன்னா? இப்பதான் கோப்பி காவ் வாயை மூடியிருக்கான். திரும்பவும் ஆரம்பிச்சிடுவான்."

"அடுத்த மாசம் வேற இடத்துல ஒரு மெஷின் போட்டு மாத்திடுவேன்ல."

"அப்ப அடுத்த மாசம் உண்மையாயிடும். இன்னிக்கு என்ன போடட்டும்?"

சாயிரா கொஞ்சம் யோசித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அதிலே பொய் இருக்கக்கூடாது என்பதுதான் அவள் யோசனையாக இருந்தது.

"தனி டிஸ்க்ல இருக்குன்னு போடு" என்றாள். "அது உண்மைதான்."

இம்ரான் அப்படியே போட்டான். மருதப்பன் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு, அன்றே சேர்ந்துவிட்டார்.

சில வாரங்கள் கழித்து அவர் நேரிலேயே வந்தார். நடு வயதைத் தாண்டியவர், நரைத்த மீசை, முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருந்தார். தேக்கா சந்தையில் மீன் வாங்கிய பையை வாசலுக்கு வெளியிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். உட்காரச் சொன்னதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"நேர்ல நன்றி சொல்லணும்னு வந்தேன்மா. எங்க வீட்டு ரயில் இப்ப குலுங்காம ஓடுது."

இருவருக்கும் புரியவில்லை. அவர் விளக்கினார். விளையாடுவது அவரல்ல, அவர் மனைவி அன்னம்மா. ரயில் நிலையங்களுக்கு வரைபடம் போடும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்க வைக்கும் ஒரு நோய் வந்து, முதலில் கால், பிறகு இடது கை, பிறகு பேச்சு என்று போய்விட்டது. வலது கையில் ஒரு விரல் மட்டும் இன்னும் சொன்னபடி கேட்கிறது. அந்த விரலால், மவுசுக்குப் பதிலாக வைத்த பெரிய உருண்டை ஒன்றை உருட்டி உருட்டி, விளையாட்டுக்குள் கட்டை கட்டையாக அடுக்கி ஒரு நகரம் கட்டிக்கொண்டிருக்கிறார். அடுக்கு வீடுகள், கடைத்தெரு, ஊரைச் சுற்றி ரயில். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய பழைய அலுவலக நண்பர்கள் அவரவர் வீட்டிலிருந்து அந்த நகரத்துக்குள் வந்து ரயிலேறி ஊர் சுற்றுவார்களாம்.

"முன்னாடி வச்சிருந்த இடத்துல எல்லாம் இழுத்து இழுத்து நிக்கும். ஒரு கட்டையை வைக்கப் போனா வேற இடத்துல விழுந்துடும். கை நல்லா இருக்கறவங்க எடுத்துத் திரும்ப வச்சிடுவாங்க. அவளுக்கு ஒரு கட்டையை எடுக்கிறதே பெரிய பாடு. இங்க வந்தப்புறம் வச்ச இடத்துல உக்காருது. இப்ப கடல் மேல பாலம் கட்டறா. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன், மேல கண்ணாடிக் கூரை. எனக்கு வரைபடம் காட்டி அப்ரூவல் எல்லாம் வாங்கறா, பாருங்க."

அவர் சிரித்தபோது சாயிராவும் சிரித்தாள். கோப்பி காவ் வாயடைத்த அன்றுகூட அவளுக்கு இவ்வளவு சந்தோஷம் இல்லை. அவளுடைய கணக்கு சரியாக இருந்திருக்கிறது. வேகமான அந்த ஒரு ஆள், யாரோ ஒரு பெண்ணின் ஒரு விரலுக்கு உதவியிருக்கிறான்.

எழுந்திருக்கும்போது மருதப்பன் கேட்டார். "ஒரு சின்ன விஷயம். நானும் ஒரு காப்பி வீட்ல வச்சுக்கலாம்னு டவுன்லோட் பண்ணிப் பார்த்தேன். பாதியிலயே நின்னுடுது. இங்க வர்றதுக்கு முன்னாடி எடுத்த பழைய காப்பி மட்டும்தான் என்கிட்ட இருக்கு."

டவுன்லோடுக்கு வேக வரம்பு வைத்தது சாயிராதான். ஒருவர் தன் உலகத்தை இறக்கும்போது மற்றவர்களுக்கு விளையாட்டுத் திக்கக்கூடாது என்று வைத்தாள். பெரிய உலகங்கள் அந்த வரம்பில் மாட்டிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். சரிசெய்ய வேண்டிய வேலைகளில் அதுவும் ஒன்றாகக் கிடந்தது.

அவள் வாயைத் திறப்பதற்குள் இம்ரான் அவர் தோளில் கை வைத்தான். "அது தேவையே இல்ல அங்கிள். எங்ககிட்ட சேஃபா இருக்கு. தனி டிஸ்க், டெய்லி."

மருதப்பன் சாயிராவைப் பார்த்தார். தம்பி சொன்னதை அக்காவும் ஒருமுறை சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தது போல இருந்தது அந்தப் பார்வை.

"ஆமா அங்கிள்" என்றாள் சாயிரா.

அவர் மீன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

அடுத்த மாதம் வந்தது. வாடிக்கையாளர்கள் கூடிக்கொண்டே போனதால், வேறு இடத்துக்கென்று நினைத்திருந்த மெஷினையும் விளையாட்டுக்கே ஒதுக்க வேண்டியதாயிற்று. அதற்கடுத்த மாதமும் அப்படித்தான். சாயிரா தினமும் காலையில் எழுந்ததும் போனில் ஒரு பச்சைக் குறியைப் பார்ப்பாள். பேக்கப் முடிந்தது என்பதற்கான குறி. அது பச்சையாக இருந்தால் மனசு அடங்கிவிடும்.

சர்வர் பெட்டி ஒன்று செத்துப்போனது ஒரு வேலை நாள் காலையில். செங்காங்கில் அவள் வீட்டிலிருந்து கிளம்பி ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது போன் துடித்தது. ஒரு சர்வர் பதில் சொல்லவில்லை. தூரத்திலிருந்தே அணைத்துப் போட்டுப் பார்த்தாள். எழவில்லை. டன்லப் தெருவுக்குப் போகாமல் நேரே மேற்கே துவாஸ் பக்கம் போனாள்.

தரவு மையத்தின் குளிரில், மூடியைக் கழற்றுவதற்கு முன்பே வாசனை வந்தது. இனிப்பும் கசப்புமாக, தொண்டையில் ஒட்டுகிற வாசனை. உள்ளே ப்ராசஸருக்கு மேலே தண்ணீர்க் குழாய் சேரும் இணைப்பில் மயிரிழை போல ஒரு விரிசல். அதிலிருந்து ஒழுகிய நீர், பலகையின் மீது வழிந்து இறங்கியிருந்தது. ப்ராசஸருக்கு நேர் கீழே இருந்தது விளையாட்டு ஓடும் டிஸ்க். அதையொட்டி, ஒரு விரல் இடைவெளியில், பேக்கப் டிஸ்க். இரண்டும் நனைந்து, மின்சாரம் பாய்ந்து, கறுத்திருந்தன. பேக்கப் டிஸ்க்கைத் தொட்டாள். விரலில் கரி ஒட்டியது.

முட்டி போட்டபடி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். இம்ரான் போனில் கேட்டுக்கொண்டே இருந்தான். "லாத்தா? எந்தப் பெட்டி? யாரெல்லாம் இருக்காங்க அதுல?"

அவள் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள். மருதப்பன் என்று சொன்னதும் இம்ரான் அந்தப் பெயரைத் திருப்பிக் கேட்டான்.

கெட்ட டிஸ்க்கில் இருப்பதை மீட்டுத் தரும் கடை ஒன்று உபி தொழிற்பேட்டைப் பக்கம் இருந்தது. அங்கே கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். அந்த நாட்களில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சேனலில் இம்ரான் "எதிர்பாராத ஹார்ட்வேர் பிரச்சினை, பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று போட்டிருந்தான். மற்றவர்களில் பெரும்பாலோர் தங்கள் சின்ன உலகத்தைச் சொந்தமாக ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். சிலர் போனால் போகிறது, புதிதாக ஆரம்பிக்கிறோம் என்றார்கள். மருதப்பன் தினமும் ஒருமுறை கேட்டார். "ஏதாவது தெரிந்ததா?" அவ்வளவுதான் இருக்கும். அதற்கு மேல் ஒரு சொல் இருக்காது.

கடைக்காரர் டிஸ்க்குகளைத் திருப்பிக் கொடுத்துத் தலையை ஆட்டினார். சில்லுகளே வெந்துவிட்டன, இதில் எடுக்க ஒன்றுமில்லை என்றார்.

டன்லப் தெரு அறையில் அக்காவும் தம்பியும் முதன்முறையாகக் கத்திச் சண்டை போட்டார்கள்.

"ஸாரி சொல்லி, கட்டின காசைத் திருப்பிக் குடுத்துடலாம். எல்லா கம்பெனியும் அதைத்தான் செய்யும்" என்றான் இம்ரான். "டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்லன்னு கண்டிஷன்ஸ்லயே இருக்கு."

"அவர் கேட்டாருடா. ரெண்டு தடவை கேட்டாரு. நேர்ல வந்து கேட்டாரு."

"நான் பதில் சொன்னேன். நீங்க சொல்லச் சொன்னதைச் சொன்னேன்." சொன்ன பிறகு அவனுக்கே கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டான். "லாத்தா, உண்மையெல்லாம் எழுதினா நாளைக்கு ஒருத்தன் இருக்கமாட்டான். நாம இதுக்காக வேலையை விட்டோம்."

"முதல்ல பூன் லேல அவர் வீட்டுக்குப் போய்ட்டு வரேன். வர்றியா?"

இம்ரான் வரவில்லை.

மருதப்பன் வீடு பூன் லேயில் உயரமான ஓர் அடுக்கு வீட்டில் இருந்தது. கதவைத் திறந்ததும் அவள் முகத்தைப் பார்த்தார். அதிலேயே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று சாயிராவுக்குப் பட்டது. இருந்தாலும் "வாங்கம்மா" என்றார்.

கூடத்தில், சோபா இருந்திருக்க வேண்டிய இடத்தில் மருத்துவமனைக் கட்டில் கிடந்தது. தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் அன்னம்மா சாய்ந்திருந்தார். நெற்றியில் சின்னதாகப் பொட்டு. முகத்துக்கு நேரே ஒரு திரையை நீட்டுக் கம்பியில் மாட்டியிருந்தார்கள். திரையில் எழுத்துகள். கண்ணால் பார்த்த எழுத்தை அது எடுத்துக்கொள்ளும். முடித்ததும் சொல்லாகப் பேசும். கை போர்வைக்கு மேலே அசைவில்லாமல் இருந்தது. அந்த ஒரு விரலும்தான்.

"போன மாசம் நின்னுடுச்சு" என்றார் மருதப்பன், அவள் பார்ப்பதைப் பார்த்து. "நல்லவேளை, ஸ்டேஷனை முடிச்சிட்டா. கடைசிக் கண்ணாடி வச்ச அன்னிக்கு எங்களுக்கு இங்க ஒரே கொண்டாட்டம்."

சாயிரா நின்றுகொண்டே சொன்னாள். அவர் உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. பெட்டி எப்படிக் கெட்டது, டிஸ்க்கை எங்கே கொடுத்தாள், அவர்கள் என்ன சொன்னார்கள், எல்லாவற்றையும் கட்டிலைப் பார்த்தே சொன்னாள். பாலமும் நிலையமும் இல்லை. அந்தப் பெட்டிக்கு வந்த பிறகு கட்டியது எதுவும் இல்லை.

"தனி டிஸ்க்ல இருக்குன்னு சொன்னீங்களே" என்றார் மருதப்பன். அவர் குரல் உயரவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

"தனி டிஸ்க்தான் அங்கிள். ஆனா அதே பெட்டிக்குள்ள இருந்துச்சு."

 அவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

அன்னம்மாவின் கண்கள் திரையில் நகர்ந்தன. ஓர் எழுத்து, காத்திருப்பு, அடுத்த எழுத்து.  கடைசியில் கருவி ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குரலில் சுத்தமான ஆங்கிலத்தில் பேசியது.

"ஒய் சேம் பாக்ஸ்?"

ஏன் ஒரே பெட்டி. அந்தக் கண்களில் கோபத்தைத் தேடினாள் சாயிரா, காணவில்லை. வாழ்நாளெல்லாம் வரைபடம் போட்டவர், வரைபடத்தில் தவறான இடத்தில் ஒரு தூணைப் பார்த்தால் எப்படிக் கேட்பாரோ அப்படிக் கேட்டார். காரணம் தெரிய வேண்டும். காரணம் என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும்.

ப்ராசஸரைப் பற்றிக் கேட்டவர்களுக்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதியவள், இப்போது ஒரு வாக்கியத்துக்குத் தடுமாறினாள்.

"அது சுலபமா இருந்துச்சு ஆன்ட்டி" என்றாள். "சீக்கிரம் திறக்கணும்னு இருந்தோம். அப்புறமா மாத்திக்கலாம்னு நினைச்சேன். தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். வேற எந்தக் காரணமும் இல்ல. அங்கிள் கேட்டப்ப அதைச் சொல்லியிருக்கணும். தனி டிஸ்க்னு போடச் சொன்னது நான்தான்."

அன்னம்மா கண்களை மூடிக்கொண்டார். அவர் அழுகிறாரா என்று தெரியவில்லை. அழுதால் துடைப்பதற்குத் தயாராக மருதப்பன் துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றார்.

சாயிரா தன்னால் முடிந்த ஒன்றைச் சொன்னாள். மருதப்பனிடம் இருந்த பழைய பிரதியை வைத்து நகரத்தை மறுபடி எழுப்பலாம். பாலத்தையும் நிலையத்தையும் தானே கட்டித் தருகிறேன். ஆன்ட்டி கண்ணால் சொல்லச் சொல்ல ஒவ்வொரு கட்டையாக வைக்கிறேன். எத்தனை மாதம் ஆனாலும் சரி.

பதில் வரும்வரை மருதப்பனும் நம்பிக்கையோடு திரையையே பார்த்திருந்தார். இந்த முறை அன்னம்மா தமிழை ஆங்கில எழுத்தில் கோத்தார். கருவிக்குத் தமிழ் தெரியாது, கோணல்மாணலாக உச்சரித்தது.

"வீனம்."

"வேணாங்கிறா" என்றார் மருதப்பன்.

அன்னம்மா இன்னும் முடிக்கவில்லை. வெகுநேரம் எழுத்துகளைப் பொறுக்கினார். அந்தக் குரல் மறுபடி பேசியது. சாயிராவுக்கு முதலில் விளங்கவில்லை. மருதப்பன் திரையைப் பார்த்துப் படித்தார்.

"நீ கட்டினா அது உன் ஸ்டேஷன்."

பழைய பிரதியை மட்டும் திறந்து காட்டச் சொன்னார். சாயிரா தன் மடிக்கணினியைக் கட்டிலின் குறுக்குப் பலகையில் வைத்து ஓடவிட்டாள். மருதப்பன் விசையை அழுத்த, ரயில் கிளம்பியது. அடுக்கு வீடுகளைக் கடந்தது, கடைத்தெருவைக் கடந்தது, கடற்கரைக்கு வந்து நின்றது. தண்டவாளம் மணலிலேயே முடிந்திருந்தது. அதற்கு அப்பால் விளையாட்டுக்கென்றே உள்ள நீலத் தண்ணீர், ஒரே மாதிரியாக, எல்லை வரை. மருதப்பன் இன்னும் விசையை அழுத்திக்கொண்டிருந்தார். வண்டி நின்ற இடத்திலேயே மெல்ல மெல்ல அதிர்ந்தது. அன்னம்மா கண்களை வேறு பக்கம் திருப்பிய பிறகுதான் அவர் விரலை எடுத்தார்.

மறுநாள் சாயிரா சேனலில் எல்லாவற்றையும் எழுதினாள். பேக்கப் எங்கே இருந்தது, யார் அதைக் கேட்டார்கள், யாருடைய நகரம் போனது, என்ன சொல்லி மழுப்பினோம், எது தன்னுடைய முடிவு. இம்ரான் பக்கத்தில் நின்று படித்தான். தடுக்கவில்லை. படித்து முடித்ததும் தன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

பதில்கள் வந்தன. அப்போதே சொன்னேனே, சர்வர் அறைக்குள் தண்ணீரா என்றார் ஒருவர். தண்ணீரில் தப்பில்லை, அந்த இணைப்பின் தரம்தான் மோசம் என்றார் இன்னொருவர். இல்லை, வீட்டு ப்ராசஸரைப் போட்டதால்தான் தண்ணீரே தேவைப்பட்டது என்று மூன்றாமவர் ஆரம்பிக்க, பழைய சண்டை புதிதாகத் தொடங்கியது. கோப்பி காவ் வரைபடங்களோடு வந்தார். சாயிரா கீழே, இன்னும் கீழே என்று தள்ளிக்கொண்டே போனாள். கட்டிலில் கிடந்த அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரி எழுதினவர் யாரும் இல்லை. பாதிப் பேர் அந்த வாரமே போய்விட்டார்கள். மீதிப் பேரின் உலகங்களை இறக்கி அவரவர் கையில் ஒப்படைத்துவிட்டுச் சாயிரா பாய்ச்சலை மூடினாள். இம்ரான் ஒரு சரக்குக் கப்பல் நிறுவனத்தில் சேர்ந்தான். பெருநாளன்று அம்மா வீட்டில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பேசிக்கொள்ளவில்லை.

ஒரு தடவை அவள் பூன் லேவுக்குப் போனாள். ஏன் போகிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வரலாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். மருதப்பன் அப்போதுதான் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். தோளில் ஒரு பை, கையில் மடித்த போர்வை.

"ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்மா. மூச்சுக்குக் கஷ்டப்படறா. துணி எடுக்க வந்தேன்."

"நான் கூட வரட்டுமா அங்கிள்?"

அவர் லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டு, அது வரும்வரை யோசித்தார். "வேணாம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. உங்களைப் பார்த்தா அவளுக்கு அந்த ஞாபகம்தான் வரும். இப்ப வேற ஏதாவது நினைச்சிட்டு இருக்கட்டும்."

கீழே டாக்சி நின்றிருந்தது. அதுவரைக்கும் போர்வையைத் தூக்கிவர அவளை விட்டார். உள்ளே ஏறி உட்கார்ந்ததும் கையை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அன்னம்மா வீடு திரும்பவில்லை. செய்தி மருதப்பனிடமிருந்தே வந்தது, தன் போனில் இருக்கும் எல்லோருக்கும் அவர் பொதுவாக அனுப்பிய அறிவிப்பாக. அழைப்பா, தவறுதலா என்று சாயிராவால் முடிவு செய்ய முடியவில்லை. கறுப்புச் சல்வார் போட்டுக்கொண்டு மண்டாய் போனாள்.

தகன மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முன்னால் அன்னம்மாவின் அலுவலகத்து ஆட்கள் தங்களுக்குள் மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ரயிலில் ஏறிய ஆட்கள் இவர்களாகத்தான் இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் பக்கத்து நாற்காலி நகர்ந்தது. இம்ரான். அலுவலகச் சட்டையோடு, வியர்த்துப்போய் வந்திருந்தான்.

"உனக்கும் வந்துச்சா?" என்றாள்.

"ம்." அவன் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னிக்கு அவர் தோள்ல கை வச்சேன்ல லாத்தா. அதுதான் திரும்பத் திரும்ப வருது."

 இருவரும் சேர்ந்து எழுந்து, சேர்ந்து வரிசையில் நின்றார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு மருதப்பன் வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் கைகூப்பி விடை கொடுத்தார். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான். அக்காவும் தம்பியும் அவர் முன்னால் வந்தபோது இருவரையும் ஏறிட்டுப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது. முன்னால் போனவருக்குக் கும்பிட்டது போலவே அவர்களுக்கும் கும்பிட்டார். பிறகு அவர்களுக்குப் பின்னால் நின்றவரைப் பார்க்கத் திரும்பினார்.